கதவுக்கு முதுகு காட்டிய நாற்காலி

அந்த அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரின் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காருவார். அந்த மேசையில் ஆளிருந்தால் நின்றுகொண்டே காத்திருப்பார். புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணி. பரிமாறுகிறவர்கள் வைத்த பெயர் ‘அழகு மேடம்’. “அம்பது தாண்டியும் கண்ணாடிய விட மாட்டேங்கிறாங்க சார்!” நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வெட்கக்கேடு.

நூறு வருடத்துத் தேநீர்க்கூடம். தலைக்கு மேல் உயர்ந்த முதுகுடைய கறுப்பு நாற்காலிகள், சுவரெங்கும் கைக்குட்டையளவுச் சதுரக் கண்ணாடிகள், ஊதா ரோஜாக்கள் பதித்த கதவு. நுழைகிற எவர் தோளிலும் ஒரு கணம் ஊதா விழும். கோப்பைகளைக் கவிழ்த்தே வைத்திருப்பார்கள். நாம் நிமிர்த்தினால்தான் ஊற்றுவார்கள். மேடம் தன்னுடையதை மட்டும் நிமிர்த்துவார். எதிரிலிருப்பதை எடுக்கப்போனால், “இருக்கட்டுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

மேடத்துக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. தேநீர்க்கூடத்திலும் விடமாட்டார். “சார், உங்க பவர் மாறிடுச்சு. மெனுவ ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறீங்களே!” அப்படித்தான் பழக்கமானோம். வாய் சும்மா இருக்குமா? சுவர்க் கண்ணாடியில் அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டுவிட்டேன்.

“கதவு தெரியுது,” என்றார். “இதே மேசையிலதான் என் தங்கச்சிகிட்ட வார்த்தைய விட்டேன். ‘நீ பண்ணிக்கிட்டதெல்லாம் ஒரு கல்யாணமா’ன்னு. ஊத்தின டீயக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போனா. ஆறு வருஷமாச்சு. மாசாமாசம் லெட்டர் போடறேன், புதன்கிழமை, நாலு மணி, அதே மேசைன்னு. பதிலே இல்ல.”

“அப்போ கதவப் பாத்தே உக்காரலாமே?”

“ஐயோ, அவ ரோஷக்காரி சார்! நான் வாசலையே பாத்துட்டிருந்தா, கண்ணு பட்டதும் திரும்பிடுவா. யாரும் பாக்கலன்னாதான் உள்ள வருவா. சின்னப் புள்ளையிலயே அப்படித்தான்.” கோப்பையைச் சுற்றினார். “ஒரு தடவ அவளப் பாத்துட்டாப் போதும் சார்.”

போன புதன்கிழமை கதவு திறந்தது. தோளில் ஊதாவுடன் ஒரு பெண். மேடத்தின் மூக்கு அப்படியே. கையில் கசங்கிய கடித உறை. ஓரடி வைத்தாள், நின்றாள். கதவின் கைப்பிடியை விடவில்லை. ‘திரும்பிப் பாருங்களேன்’ என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மேடம் திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி, எதிரிலிருந்த கோப்பையை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.