சட்டைப் பையில் விழுந்த தையல்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பிள்ளையாரைக் கும்பிடுகிறேன், அதற்கு மேல் எதையும் நம்பினதில்லை. நீங்களும் இதை நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. எனக்கு இதில் பயத்தைவிட வெட்கம்தான் கூட.

இத்தாலியில், பலெர்மோவில், வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில், விலை கூடிய உடுப்புகள் செய்கிற ஒரு கம்பெனியின் மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். கம்பெனியைத் தொடங்கிய அம்மா ஏழைத் தையல்காரியாக இருந்தவராம், இறந்து எத்தனையோ வருடம். அவருடைய முதல் தையல் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். காலால் மிதிக்கிற மெஷின், அதன்மேல் பாதி தைத்த வெள்ளைக் கலியாண உடுப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் இடக்கைக்காரருக்கென்று செய்த கத்தரிக்கோல்.

சரஸ்வதி பூசை அன்று திங்கட்கிழமை, மியூசியம் பூட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் துப்புரவுக்குப் போயிருந்தோம். மற்றவள் மலர், வன்னியிலிருந்து வந்த பிள்ளை. வீட்டுப் பூசைக் குங்குமத்தைப் பொட்டலமாக மடித்து எனக்குத் தந்தாள். ஊரில் அன்றைக்கு ஒரு மண்வெட்டியைக்கூடப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். இவ்வளவு பேருக்குச் சோறு போட்ட மெஷின் வெறும் நெற்றியோடு நிற்கிறதே என்று மனம் கேட்கவில்லை, கயிற்றைத் தாண்டிப் போய் ஒரு பொட்டு வைத்தேன். கை தவறிப் பாதிக் குங்குமம் வெள்ளை உடுப்பில் கொட்டியது. ஈரத்துணியால் துடைக்க இன்னும் பரவியது. மெஷினில் வைத்த பொட்டை அழித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மியூசியத்துக்குப் பொறுப்பான சினியோரா எங்களைக் கூப்பிட்டு, உடுப்பில் கறை யாரால் வந்தது என்று கேட்டார். எப்போதும் நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவள் மலர்தான், அவர் அவளைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். என்னுடைய பெர்மெசோவை, இந்த நாட்டில் தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வேலை போனால் அதுவும் போய்விடும் என்ற பயம். மலர் தான் இல்லை என்று ஒருமுறை சொன்னாள், பிறகு வாய் திறக்கவில்லை. அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த திங்கள் நான் தனியே போனேன். மிச்சக் குங்குமம் சட்டைப் பையில் இருந்தது, குப்பையில் போடக்கூடாது, வேலை முடியக் கடலில் கரைக்கலாம் என்று நினைத்திருந்தேன். சட்டைக்கு மேலே வேலைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி. காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். தையல் அறையிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மெஷினுக்கு வாரும் இல்லை, ஊசியும் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கச் சத்தம் நின்றுவிட்டது. மெஷினின் சுற்றுகிற சில்லைத் தொட்டேன், சுட்டது.

உடுப்பு மாற்றக் கோட்டைக் கழற்றினேன். சட்டைப் பையின் வாய் வெள்ளை நூலால் தைத்து மூடியிருந்தது. பொட்டலம் உள்ளே.

அப்படியே சினியோராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. மலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அது நான் தந்த குங்குமம் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை," என்றாள். "உங்கடை பெர்மெசோ வரட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான். பொட்டு வைக்கவும் தெரியாத ஆளுக்கு ஏன் பூசை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மனைவி போர்கோ வெக்கியோப் பக்கம் உடுப்புத் திருத்துகிற கடையில் வேலை செய்கிறாள். அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆர் தைச்சது? இது இடக்கைத் தையல் எல்லோ."

இன்றுவரை அந்தத் தையலைப் பிரிக்கவில்லை, அந்தச் சட்டையை மடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கத்தரிக்கோலின் கண்ணாடியை இப்பவும் நான்தான் துடைக்கிறேன். துடைக்கும்போதெல்லாம் கை தானாகப் போட்டிருக்கிற சட்டையின் பைக்குப் போகிறது, திறந்துதான் இருக்கிறதா என்று பார்க்க.