சேவல் போட்ட சாக்கு

எஸ்டில் கோழிக்கூண்டுக் கூரையிலிருந்து விழுந்த கதையை அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவான். காற்று தள்ளியது என்பான். தகரம் வழுக்கியது என்பான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஆர்ஃபா சொல்வது ஒன்றுதான்: ஏணியை நகர்த்தி வைக்கச் சொன்னாள், அவன் கேட்கவில்லை. எப்படியோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வைத்தியர் காலை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பனிக்காலம் பாதி கழியும்வரை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டுக் கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டார்.

எஸ்டில் சும்மா உட்கார்ந்து பழகாதவன். சோளம் ஒடிப்பான், மரம் வெட்டுவான், வேலி கட்டுவான். எங்கள் லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் யார் வீட்டுப் பன்றி ஓடினாலும் முதலில் துரத்துகிறவன் அவன்தான். அப்படிப்பட்டவன் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்தால் வீடு என்ன ஆகும்? முதலில் மரக்கரண்டி செதுக்கினான். சாப்பிடுகிறவர்களைவிடக் கரண்டி அதிகமானது. பிறகு ஆர்ஃபாவின் சமையலுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தான்.

"அவரைல உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"பன்னிக்கொழுப்பு?"

"போட்டேன்."

"அடி பிடிக்கிற மாதிரி வாசனை வருதே..."

ஆர்ஃபா அகப்பையைக் கீழே வைத்தாள். கட்டிலடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து அவன் மடியில் கொட்டினாள். பழைய சட்டை, கிழிந்த பாவாடை, பூப்போட்ட பருத்தித்துணியில் வரும் தீவனச் சாக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டு, எல்லாம் குவியலாகக் கிடந்தன. மேலே ஒரு கத்தரிக்கோலும், ஓட்ஸ் டப்பா மூடியிலிருந்து வெட்டிய முக்கோண அட்டையும் விழுந்தன.

"ஒட்டுப்போர்வைக்குத் துண்டு வேணும். இந்த அட்டையை வெச்சு வெட்டு. வாயைத் திறந்தா சோளரொட்டி கிடையாது."

"இது பொம்பளைங்க வேலை, ஆர்ஃபா."

"எலும்பு சேர்ற வரைக்கும் நீயும் பொம்பளைதான். வெட்டு."

வெட்டினான். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டினான். மறுநாள் நீலத்தை ஒரு பக்கமும் சிவப்பை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்தான். பிறகு தரையில் பரப்பினான். வரிசையாக வைத்தால் முக்கோணம் ஒவ்வொன்றும் பறக்கிற வாத்து மாதிரி இருந்தது. இப்படித் திருப்பினால் வாத்துக்கூட்டம் தெற்கே பறக்கிறது, அப்படித் திருப்பினால் அதே கூட்டம் வடக்கே பறக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்தான். ஆர்ஃபா மாட்டுக்கொட்டிலிலிருந்து திரும்பி வந்தபோது அவளுடைய ஊசி அவன் கையில் இருந்தது.

"அதை எங்கேயாவது தொலைச்ச, அவ்வளவுதான். நல்ல ஊசி அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். வாசல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

கடையில் நூல் வாங்குகிற காலமா அது? சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுநூலும் சரசரவென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். அந்த முனையைக் கண்டுபிடிப்பதில் எஸ்டிலுக்கு அப்படியொரு சந்தோஷம். ஊசி குத்தாமல் இருக்க ஆர்ஃபா மாட்டும் விரலுறை அவன் தடித்த விரலில் நுழையவில்லை. பழைய சேணத்தோலில் ஒன்று வெட்டித் தைத்துக்கொண்டான். கோடு போட, குளித்து மிஞ்சிய சோப்புச் சில்லு. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்க, பூச்சி அரித்த கம்பளி. அடித்துணிக்கு நாலு மாவுச் சாக்கு. ஆர்ஃபா எவ்வளவு வெளுத்தும் அதில் ஒன்றில் 'தரமான மாவு' என்ற எழுத்து போகவில்லை. "இருக்கட்டும், உள்ள படுக்கறது யாருன்னு தெரியட்டும்" என்றான் எஸ்டில்.

ஆனால் வெளியே யாராவது காலடி வைக்கிற சத்தம் கேட்டால் போதும், துணி, ஊசி, நூல் எல்லாம் மறைந்துவிடும். ஒரு நாள் அவனுடைய பால்யகாலச் சிநேகிதன் டில்லார்ட் திடுதிப்பென்று உள்ளே வந்தான். எஸ்டில் கையிலிருந்ததைப் பக்கத்து நாற்காலியில் விரித்திருந்த ஆட்டுத்தோலுக்கு அடியில் தள்ளினான். டில்லார்ட் நேராகப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான்.

"ஐயோ! என்னடா வெச்சிருக்க இதுல? குளவியா?"

தோலைத் தூக்கிப் பார்த்தான். ஊசி குத்தி நிறுத்தியபடி, வரிசையாக வாத்துகள்.

"ஆர்ஃபாவோடது" என்றான் எஸ்டில்.

அடுப்படியிலிருந்து ஆர்ஃபா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "என்னோடது இல்ல. நான் இவ்வளவு கோணலா தைக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே செய்தி ஹோபர்ட்டின் கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவனுக்குப் பெயர் 'தையல்காரி எஸ்டில்'. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்புகிறவர்கள் வாசலில் நின்று, "எஸ்டிலக்கா, என் கால்சட்டையில பொத்தான் போயிடுச்சு" என்று கூவிவிட்டுப் போவார்கள். எஸ்டில் இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கை அரித்தது. "போறானுங்க" என்று சொல்லி எடுத்துவிட்டான். இனி ஒளிக்க வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

போர்வை முக்கால்வாசி ஆனபோது ஒரு சிக்கல் வந்தது. ஓரத்து வரிசைக்கு அவன் எடுத்திருந்தது மஞ்சள் துணி, அதில் சின்னச் சின்னச் சிவப்புச் சேவல். முன்பு ஒரு கோழித்தீவனச் சாக்கில் தைத்து, சமைக்கும்போது ஆர்ஃபா கட்டிக்கொண்ட மேல்துணி கிழிந்ததிலிருந்து வந்தது அது. மூன்று பக்கத்துக்கு வந்தது, நாலாவது பக்கத்துக்குப் பற்றவில்லை.

"பச்சையை வெச்சு முடிச்சிடு. யாரு பாக்கப் போறா?" என்றாள் ஆர்ஃபா.

"நான் பாப்பேனே."

பலகையை அவிழ்த்த மறுநாளே, ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கட்டைவண்டியில் ஏறிக் கடைக்குப் போனான். டில்லார்ட் உட்பட எல்லோரும் அடுப்பைச் சுற்றி இருந்தார்கள்.

"கோழித்தீவனம் ஒரு மூட்டை, ஹோபர்ட்."

"மேல இருக்கறதை எடுத்துக்க."

"அது வேண்டாம். அடியில மஞ்சளா தெரியுதே, அது."

ஹோபர்ட் அடுக்கைப் பார்த்தான், எஸ்டிலைப் பார்த்தான். "மொத்தத்தையும் இறக்கணுமேய்யா! உன் கோழி நிறம் பாத்துத்தான் கொத்துமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்டிலுக்குக் காது சிவந்தது. ஆனால் இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்துவிட்டு என்ன வெட்கம்?

"கோழி எதையும் கொத்தும். நான் போர்வை தைக்கிறேன். ஓரத்துக்குத் துணி பத்தல" என்றான் உரக்க.

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். டில்லார்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஹோபர்ட் முனகிக்கொண்டே மூட்டைகளை இறக்கி, சேவல் சாக்கை இழுத்தபோது டில்லார்ட் எழுந்து வந்து அதன்மேல் கை வைத்தான்.

"அது எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்குடா?"

டில்லார்ட் சட்டைப்பைக்குள் கைவிட்டு, விரல் அகலத்துக்கு ஒரு துணியை வெளியே எடுத்தான். மஞ்சள். அதில் பாதிச் சேவல். "வீட்டுல ஸெல்லா குடுத்தனுப்பினா. கவுனுக்கு இன்னும் ஒரு சாக்கு வேணுமாம். இதே மாதிரி இல்லேன்னா வீட்டுக்கே வராதேன்னுட்டா. காலைலேர்ந்து கேக்கத் தயங்கி உட்காந்திருக்கேன்."

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அதிகமாகச் சிரித்தது எஸ்டில்தான். ஊன்றுகோல் நழுவுகிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்ததும் மூட்டையை டில்லார்ட் பக்கம் தள்ளினான்.

"எடுத்துட்டுப் போடா. எனக்கு வேண்டியது ஒரு ஓரம். உனக்கு வேண்டியது வீடு."

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்ததும் ஆர்ஃபா துணிமூட்டையைத் திறந்தாள். பச்சைத்துணியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்து மறுபடி மூட்டையில் வைத்துவிட்டான்.

அந்த வாரமே டில்லார்டின் மனைவி ஸெல்லா வந்தாள், புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு. கையில் ஒரு பொட்டலம். கழுத்துக்கும் கைக்கும் வளைத்து வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், எல்லாம் சேவல். "எங்க வீட்டுக்காரரு நடந்ததைச் சொன்னாரு. முக்கோணம்தானே வேணும்? தாராளமா வரும்" என்றாள். அவளோடு லீத்தா அத்தையும் வந்திருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் தையல் என்றால் லீத்தா அத்தை சொல்வதுதான் தீர்ப்பு.

ஓரம் முடிந்ததும் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த, போர்வை தைக்கிற மரச்சட்டத்தை ஆர்ஃபா கீழே இறக்கினாள். மேல்துணி, கம்பளி, அடித்துணி மூன்றையும் அதில் இழுத்துக் கட்டினார்கள். பெண்கள் மூன்று பக்கமும் உட்கார்ந்தார்கள். எஸ்டில் சுவரோரமாக நின்றான்.

"என்ன வேடிக்கை பாக்குற? உன் போர்வைதானே, உட்காரு" என்றாள் லீத்தா அத்தை.

நாலாவது பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஒரு கோடு தைத்து முடிப்பதற்குள் அவர்கள் மூன்று முடித்திருந்தார்கள். அத்தை குனிந்து அவன் தையலைப் பார்த்தாள்.

"இது தையலா? படுக்கறவன் கால் நகம் மாட்டிக்கும்."

"மாட்டினா நல்லதுதானே அத்தை. ராத்திரி போர்வை நழுவாது."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள் அத்தை. அவன் தைத்ததைப் பிரிக்கச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குச் சட்டத்தை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, அதற்கு அடியில் உட்கார்ந்து எல்லோரும் அவரையும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். எஸ்டில் அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் மோர் சட்டையில் சிந்தியது.

மேலும் இரண்டு தடவை கூடி உட்கார்ந்தார்கள், போர்வை முடிந்தது. வசந்தத்தில் கால் தேறியது, ஏரைப் பிடித்தான். ஊர்க்காரர்கள் வேறு வேடிக்கைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அவன் வானத்தைப் பார்க்கிற விதம் மாறிப்போயிற்று. நடவு நேரத்தில் மழை இறங்கினால் மற்றவர்கள் வாசலில் நின்று புலம்புவார்கள். எஸ்டில் மாட்டை அவிழ்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போடுவான்.

"மழை விட்டுடும் போல இருக்கு" என்பாள் ஆர்ஃபா, வெளியே எட்டிப் பார்த்து.

"என்ன அவசரம்? நிலம் நல்லா ஊறட்டும்" என்று சொல்லி ஊசியில் நூல் கோப்பான் எஸ்டில்.