பிக்கு கொடுத்த குதிரைக் கூலி

நாட்டைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த கார்ல்ஸ்ரூஹே வீட்டில் அன்று இருந்தவர்கள் அம்மா, அப்பா, மாமா, நான். தங்கச்சியும் இருந்தாள், தொட்டிலில் நித்திரையாக. அம்மாவின் தம்பியான மாமா, லடாக் மலைகளை நடந்து கடந்துவிட்டு வந்து, எடுத்த படங்களைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார். போவதற்கு முன்பு பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டி, எங்கள் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகியவர்.

எனக்கு எட்டு வயது. எல்லாவற்றையும் கேட்க வேண்டும், கேட்டபின் பயப்படவும் வேண்டும். கணவாயில் கல் உருண்டால் எந்தப் பக்கம் ஓடுவது? அங்கே பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இரண்டு மணிநேர நடை என்றார் மாமா. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியையே பிறகு பாதியில் விட்டவள் நான்.

"தேத்தண்ணிக்குள்ள உப்பும் வெண்ணெயும் போடுவினம்."

"ரசமெண்டு நினைச்சுக் குடிச்சிருக்கலாமே" என்றார் அப்பா.

அடுத்த படத்தில் சிவப்பு அங்கியோடு ஒரு பிக்கு சிரித்தார்.

"கணவாயில எனக்கு மூச்சு எடுக்கேலாமல் போட்டுது. இவர்தான் குதிரை பிடிச்சுக் கீழ கொண்டுவந்து ரெண்டு நாள் வச்சுப் பாத்தவர்."

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது.

"அக்கா, வந்து பாருங்கோ."

"நான் பிக்குமாரைப் பாத்தது காணும்."

"இவை வேற ஆக்களக்கா."

"உடுப்பின்ர நிறம்தான் வேற."

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் குதிரையைப் பற்றித்தான் கவலை.

"குதிரைக்கு ஆர் காசு குடுத்தது மாமா?"

"பிக்குதான். என்னட்டக் கைக்காசு முடிஞ்சிட்டுது."

குழாய்ச் சத்தம் நின்றது.

"திருப்பிக் குடுத்தனியோ?"

"அங்க வங்கி எங்க அக்கா? அடுத்தமுறை வரேக்க தா எண்டிட்டார்."

அம்மா ஈரக்கையோடு வந்து தொலைக்காட்சிக்குக் கிட்ட நின்றார். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பிடத் தந்தவரோ?"

"ஓம் அக்கா. கரண்டியால பருக்கினவர்."

"அப்பிடிப்பட்ட மனுசனுக்குக் கடன் வச்சிட்டு வந்து படம் காட்டுறாய்."

காசுக்குத்தான் அம்மாவின் குரல் உடைந்தது என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்த புத்தர் ஊரில் இராணுவ முகாம் வாசலில் சிலையாக இருந்தவர் என்பதோ, இராணுவம் பிடித்துக்கொண்டு போன தன் அண்ணனை, என் பெரிய மாமாவைக் கேட்டு அம்மா எத்தனை நாள் அந்த வாசலில் நின்றார் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.

மாமாவின் முழங்கால் பிறகு அவரை மலைக்கு விடவில்லை. குதிரைக் கூலி ஆயிரத்து இருநூறு ரூபாய் இன்னும் கொடுக்கக் கிடக்கிறது.