இரவல் கூரை

சங்கரன்கோவில் வத்தல் பேட்டையில் தாவீது அண்ணாச்சியைத் தெரியாதவர் கிடையாது. பெரிய வியாபாரி என்பதால் அல்ல. அவரைவிடப் பெரிய கைகள் அந்தத் தெருவிலேயே இருந்தன. குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் தாங்கள் விளைவித்த மிளகாய் வத்தலைக் கொண்டுவந்து அவர் குடோனில் இறக்கிவிட்டு, விலை ஏறும்வரை ஊரில் நிம்மதியாகத் தூங்குவார்கள். அடுத்தவன் சரக்கு என்றால் மனுஷன் தன் சரக்கைவிடக் கூடுதலாகப் பார்ப்பார். அந்தக் குணம்தான் பிற்பாடு அவர் காலை வாரிவிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம். மத்தியானம்வரை மண்டையைப் பிளக்கிற வெயில். பிறகு மேற்கே கருகருவென்று இருட்டி, மழைக்கு முன்னால் காற்று வந்து இறங்கியது. குடோன் கூரைத் தகரங்கள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு கிளம்பின. ஒன்று ரோட்டைத் தாண்டிப் புளியமரத்தில் போய்ச் சொருகி நின்றது. உள்ளே அந்த வருஷத்து மகசூல் அவ்வளவும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வத்தலில் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த வத்தலை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

தாவீது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிக் கூப்பிட்டார். சுமைதூக்கிகள் வந்தார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். பெருமழை பிடிப்பதற்குள் அத்தனை மூட்டையும் வேதக்கோயிலுக்குள் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிச் சபை தும்மிக்கொண்டே ஜெபம் பண்ணியது. போதகர் பிரசங்கத்தைச் சுருக்கியதற்காக இன்னும் நாலு புயல் வரட்டும் என்று சிலர் வேண்டிக்கொண்டதாகவும் பேச்சு.

ஞாயிறு கழிந்த மறுநாளே இளையரசனேந்தலிலிருந்து ஆறுமுகச்சாமி மாட்டுவண்டியோடு வந்து நின்றார். தாவீதிடம் வருஷம் தவறாமல் சரக்குப் போடுகிற சம்சாரி. வண்டி நிறையத் தகரம். தன் மாட்டுத்தொழுவின் கூரையை அப்படியே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"வேய் ஆறுமுகச்சாமி, மாடு எங்கன நிக்கும்?"

"கோடையில மாட்டுக்கு என்ன அண்ணாச்சி கூரை, வேப்பமரம் போதும். ஐப்பசி அடைமழைக்குள்ள திருப்பித் தாரும். இப்பம் சரக்கு முக்கியம்லா."

அன்றைக்கே கூரை ஏறிவிட்டது. காற்று சுருட்டிப் போட்ட பழைய தகரங்களைக் கைகொடுத்த ஆட்களிடமே "எடுத்துக்கிடுங்க மக்கா" என்று கொடுத்துவிட்டார். அது பேட்டை வழக்கம். உதவிக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு தகரம் கோழிக்கூண்டாகிவிட்டது, இன்னொன்று பெட்டிக்கடைக்குத் தட்டியாகிவிட்டது.

தாவீதுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. குடோனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஏஜெண்ட் சௌந்தரபாண்டியன் இரண்டு வருஷம் விடாமல் நச்சரித்துப் போட வைத்தது. நெருப்புக்கு உண்டு, சூறைக்காற்றுக்கும் உண்டு. கம்பெனி கொடுத்ததும் புதுத் தகரம் வாங்கிப் போட்டுவிட்டு, ஆறுமுகச்சாமியின் தகரத்தை ஐப்பசிக்கு முன்னால் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

திருநெல்வேலியிலிருந்து சர்வேயர் வருவதற்குள் வைகாசி பிறந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. கொடுத்த கலரைக் குடித்தார், குடோனுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார், சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

"கூரை நல்லாத்தானே இருக்கு?"

"சார், இது என் கூரை இல்ல. இரவல்."

"உங்க பழைய தகரம் எங்கே?"

தாவீது கோழிக்கூண்டைக் காட்டினார். சர்வேயர் கோழியைப் பார்த்தார், கோழி சர்வேயரைப் பார்த்தது.

"சரக்கு எவ்வளவு நனைஞ்சுது?"

"ஒரு மூட்டை நனையவிடல்ல சார்," என்றார் தாவீது. பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

"நாலு மூட்டை நனைஞ்சிருந்தாலாவது நான் ஏதாவது எழுதுவேன். போட்டோ எடுத்தீங்களா?"

கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பார்கள், செத்தால் எடுப்பார்கள். பிய்ந்த கூரையை யார் எடுப்பார்கள்? செய்தி கேட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்த ஆறுமுகச்சாமி முன்னால் வந்தார்.

"நான் சாட்சி சொல்லுதேன் சார். இது என் தொழுவுத் தகரம். மாடு உரசின தடம்கூட இருக்கும்."

"கொடுத்ததுக்கு எழுத்து ஏதாவது உண்டா?"

ஆறுமுகச்சாமியின் முகம் செத்துப்போனது. ஆபத்துக்குக் கொடுத்ததற்கு எழுத்தா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ஒரு தப்பும் செய்யாத மனிதனைப் பொய்யனாக்கி அனுப்பியது தாவீதுக்கு ஆறவேயில்லை.

சௌந்தரபாண்டியன் கையைப் பிசைந்தான். "ஆளு வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. மறந்துட்டேன்."

"ஊரான் சரக்கு நனையிறதை ஆபீசர் வாரவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா? நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேம்டே."

அது உண்மை. அதனால்தான் யார்மேலும் அவரால் கோபப்பட முடியவில்லை. ஆனியில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். ஆவணியிலும் ஏறினார். ஆபீசில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கூரை பிய்ந்ததை எங்கள் ஆள் யாரும் பார்க்கவில்லையே என்றார்கள். முடிவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொந்தமாகத் தகரம் வாங்க அவரிடம் வழியில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

புரட்டாசியில் சம்சாரிகள் விலை பார்த்துச் சரக்கை எடுத்துவிட்டார்கள். ஆறுமுகச்சாமியும் வண்டியோடு வந்தார். மூட்டையை ஏற்றும்போது ஒரு தடவை கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். கேட்டிருந்தால்கூடத் தாவீது தாங்கியிருப்பார். அந்த மனிதர் கேட்கவில்லை.

ஐப்பசி பிறக்க நாள் நெருங்கியதும் தாவீது ஆள் வைத்துத் தகரத்தைக் கழற்றி அடுக்கினார். ஆறுமுகச்சாமிக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவர் திறந்து கிடந்த குடோனைப் பார்த்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கழட்டிட்டீரு?"

"கம்பெனி குடுத்துட்டாம்வே. புதுத் தகரம் ரெண்டு நாள்ல வந்திரும்." ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர், கூசாமல் சொன்னார்.

ஆறுமுகச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதமாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியது அப்போதுதான் வெளியே வந்தது. "அப்பம் நான் சொன்ன சாட்சியை எடுத்துக்கிட்டாம்னு சொல்லும். அன்னைக்கு அந்த ஆளு என்னைப் பாத்த பார்வையில எனக்கு எத்தனை நாளு சோறு எறங்கல்ல தெரியுமா?"

"உம்ம சாட்சிதான்வே எடுத்தது," என்றார் தாவீது.

"வார சித்திரைக்கும் என் சரக்கு இங்கனதான் எறங்கும். பிந்தி வாரவனுக்கு எடம் குடுத்துராதயும்."

தாவீது தலையை ஆட்டினார். வண்டி கடகடவென்று தெருமுனை திரும்பியது. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அவர் குடோன் கதவைச் சாத்தி, எப்போதும்போலப் பூட்டுப் போட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.