மூன்று வெற்றுச் சீட்டுகள்

குடித்த காலத்தில் காலையில் தையல் மெஷின் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கை நடுங்கும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கும். அதை மருந்து என்றே நினைத்திருந்தேன். மும்பை தாராவியில் தோல் பை தைப்பவன் நான். நாலாம் வகுப்போடு சரி. குடியை விட முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு நாள் இருந்தேன். விலகல் அறிகுறிகள் (குடியை நிறுத்தும்போது உடம்பு படும் பாடு) அடங்கின. பிறகு வாரம் இருமுறை போய் ஒரு கருவியில் ஊத வேண்டும். குடிக்கவில்லை என்று தெரிந்தால் பரிசு: சோப்பு, துண்டு, எவர்சில்வர் டம்ளர். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஊதியபின் டப்பாவிலிருந்து சீட்டு எடுக்கச் சொன்னார்கள்; சீட்டில் எழுதியிருப்பதுதான் பரிசு. டாக்டரம்மா காரணம் சொன்னார். பாதிதான் புரிந்தது; தலையை ஆட்டினேன். தொடர்ந்து மூன்று முறை வெற்றுச் சீட்டு.

எங்கள் பட்டறையில் தையல் கோணிய பையை ஒன்றும் சொல்லாமல் நம் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். பிழையை நாமே தேட வேண்டும். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கருவி ஏதோ காட்டியிருக்கிறது, முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இருமல் மருந்தா? பழைய சோற்றின் புளிப்பா?

நம்பாதவர்களுக்காக எதற்குக் குடிக்காமல் இருப்பது? குர்லாவில் ரயில் மாறாமல் வெளியே வந்து ஒயின் ஷாப் முன்னால் நின்றேன். எப்படியோ மனைவி செல்விக்குப் போன் செய்தேன்.

“நான் குடிக்கல. அவங்க நம்பல போல.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. சீட்டுல ஒண்ணுமில்ல.”

“வாயத் தொறந்து கேட்டியளா? கட்டுன பொண்டாட்டிட்ட பேசவே எட்டு நாளு ஆன ஆளு! அங்கனயே நில்லுங்க, வாரேன்.”

இருவரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். டாக்டரம்மா மும்பை மாட்டுங்காவிலேயே வளர்ந்த தமிழ்க்காரர்.

“அச்சச்சோ! மூணு தடவையும் நீங்க பாஸ். எப்பவும் பரிசு குடுத்துண்டே இருந்து, திடீர்னு நிறுத்தினா குடி திரும்பிடும். அதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறோம்.”

இதற்கு இடைவிட்ட வலுவூட்டல் (எப்போது வரும் என்று தெரியாத பரிசு) என்று பெயராம்.

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?” என்றாள் செல்வி.

“சொன்னேனே! தலையை நன்னா ஆட்டினாரே!”

பரிசே இல்லாத காலமும் வருமாம். அப்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று தெரியவில்லை.

இப்போது நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் போகிறது. வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஊதும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். போன செவ்வாய் ஊதும் நாள் என்பதையே மறந்து தைத்துக்கொண்டிருந்தேன், செல்விதான் ஞாபகப்படுத்தினாள்.

இப்படி மறப்பது நல்லதா, கெட்டதா? இந்த முறை டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.