இழுக்க வராத குமிழ்

மேற்கு வர்ஜீனியா மலைச்சரிவில் பிறந்து அங்கேயே குடித்தனம் நடத்தும் ட்வைலா ஸ்டாம்ப்பருக்கு வாரத்தில் சொந்தமாக இருப்பது சனிக்கிழமை காலை மட்டும்தான். ஐந்து நாள் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளோடு போய்விடும். ஞாயிறு தேவாலயச் சமையலறைக்கு. சனிக்கிழமை அவள் தானாக விழிக்கும்வரை வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட உருட்டுவதில்லை.

மகள் டெசாவுக்கு அந்தக் கோடையில் ஒன்பது வயது முடிந்தது. அணில் வேட்டை தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்த வயதில் அங்கே பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கி வந்துவிடும். வராத பிள்ளை பள்ளிப் பேருந்தில் பேச்சற்று உட்கார்ந்திருக்கும்.

எதை வாங்குவது என்று கணவன் டுவேன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். சுரங்கத் தூசி நுரையீரலில் இறங்கியதிலிருந்து, மூக்கில் குழாயோடு நாற்காலியில் இருந்தபடியேதான் அவனுடைய எல்லா முடிவும். பெரியவர்கள் பிடிக்கிற நீளத்தில், பத்துத் தோட்டா கொள்கிற இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கி. தன் அண்ணன் மகன்களோடு டெசா மலையேறட்டும் என்றான்.

"கோட்டு எடுக்கறப்போ ரெண்டு அளவு பெரிசாத்தானே எடுக்கறோம்? இதுவும் அப்படித்தான். வளந்துடுவா."

சிறுவயதில் ட்வைலாவுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், அவள் அண்ணனுடைய நீளத் துப்பாக்கியை. அதன் பின்கட்டை தோளில் நிற்காமல் அக்குளுக்குள் போய்விடும். குறி கண்ணுக்கே வராது. ட்வைலா வானத்தைச் சுட்ட கதையை இன்றும் நன்றிநாள் விருந்தில் அண்ணன் சொல்கிறான். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மகளோடு ஆர்வில் க்ரௌஸின் கடைக்குப் போனாள். ஆணியும் விதையும் விற்கும் கடை. துப்பாக்கிகள் பின்சுவரில் இருந்தன. நீளமானதைத் தூக்கியதும் டெசாவின் முதுகு பின்னால் வளைந்தது, குழல் தரையைப் பார்த்தது. ஆர்வில் அதை வாங்கி வைத்துவிட்டுக் குட்டையான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியைக் கொடுத்தார். கன்னம் தானாகக் கட்டையில் போய் உட்கார்ந்தது.

ஆனால் அதில் தோட்டாவைப் போட்டு மூடினால் மட்டும் போதாது. பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்தால்தான் விசை வேலை செய்யும். டெசா முகம் சிவக்க இழுத்தாள். அசையவில்லை.

"பாதிப் பிள்ளைங்க இதைத் திருப்பிக் கொண்டுவந்துடுதுங்க, ட்வைலா," என்ற ஆர்வில், அதே அளவில் வேறொன்றை எடுத்தார். "இது மூடினாலே தயார். பாப்பா தனியாவே சுட்டுக்கும்."

டெசா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தனியாகச் சுடலாம் என்றால் பெரியப்பா மகன்களோடு போகலாம். நல்ல பையன்கள்தான்; ஆனால் மரத்தைப் பார்ப்பார்களே தவிர, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டார்கள். குமிழ் உள்ளதை வாங்கினால், அதை இழுத்துத் தர ஒவ்வொரு குண்டுக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். டுவேனால் மலையேற முடியாது. வேறு யார் இருக்கிறார்கள்? விதை மூட்டையில் சாய்ந்து வலிக்கும் கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி ட்வைலா வெகுநேரம் நின்றாள்.

"அந்த இழுக்க வராததையே குடுங்க," என்றாள்.

வண்டியில் டெசா சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அம்மா குமிழை இழுத்துத் தருவதாகச் சொன்னபோதுதான் திரும்பினாள்.

"சனிக்கிழமை நீ தூங்குவியேம்மா."

வீட்டில் டுவேன் குமிழை இழுத்துப் பார்த்தான். "அவளுக்குத் துப்பாக்கி வாங்கினியா, உனக்கு வேலை வாங்கினியா?"

"ரெண்டும்தான்."

வேட்டையின் முதல் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் அம்மாவும் மகளும் அணில்கள் கொட்டை தின்ன வரும் ஹிக்கரி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பனி காற்சட்டைக்குள் ஊறியது. மேலே கொட்டை கொறிக்கும் சத்தம் வரும்வரை விழித்திருக்க நினைத்த ட்வைலா, மரத்தில் தலை சாய்த்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வெயில் முழங்காலுக்கு வந்திருந்தது. டெசா அதே இடத்தில், குழலை ஆளில்லாத சரிவின் பக்கம் வைத்து அசையாமல் இருந்தாள்.

"வந்துச்சா?"

"ரெண்டு வந்துச்சு. போயிடுச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"தூங்கிட்டிருந்தே."

ட்வைலா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது.

"அடுத்தது வந்தா எழுப்புடி. அதுக்குத்தானே வந்திருக்கேன்."