ஆயுத பூஜைக்குக் கழுவிய ஜல்லி

ஒட்டியிருக்கிற எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கும் இடம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. பெரிய இடம் இல்லை. ஒரு லோடு ஆட்டோ நிற்கும். அல்லது ஒரு மீன் தொட்டியும் இரண்டு கீரைப் பாத்தியும் நிற்கும். இரண்டும் சேர்ந்து நிற்காது.

தொட்டியை நான் முதலில் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு லோடு ஆட்டோ வாங்கும் யோசனை வந்தது. தீபாவளிக்கு வண்டி வருகிறது, பின்சுவரை உடைத்து கேட் வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது என்றார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. ஆனால் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நகரவில்லை. அவர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிலே. தீபாவளி வரைக்கும் பாப்போம். உருப்படியா இருந்தா இருந்துட்டுப் போகுது. மீனு செத்து நாறுச்சுன்னா இடிச்சிருவேன். பொறவு மூஞ்சியத் தூக்கிட்டு அலையக் கூடாது."

சரி என்றேன்.

தொட்டி என்றால் கிணற்றுக்குப் போடுகிற சிமெண்ட் உறைகள் மூன்றை அடுக்கிப் பூசினது. அதில் ஜிலேபிக் கெண்டை. குஞ்சுகளைப் பிளவக்கல் அணைப் பக்கம் ஒருவரிடம் வாங்கி வந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் நீல டிரம்மை நெடுக்குவாக்கில் அறுத்து, கல்லுக்கட்டு மேல் வைத்து, ஜல்லி நிரப்பியிருக்கிறேன். மண் கிடையாது. ஜல்லியில் பாலக்கீரை, புதினா, நாலு கத்தரிச் செடி. சின்ன மோட்டார் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். டிரம் நிறைந்ததும் ஒரு குழாய் வழியாக ஒரே இழுப்பில் வடிந்து திரும்பவும் தொட்டிக்கே வரும். மீன் கழிவு செடிக்குச் சாப்பாடு. செடி குடித்த மிச்சம் மீனுக்கு நல்ல தண்ணீர். இதைப் போனில் பார்த்துத்தான் கட்டினேன். நான் படித்தது எட்டாவது. ஆனால் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஓடுகிற எதையும் பார்த்தால் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

ஆரம்பத்தில் கோளாறுக்குப் பஞ்சமில்லை. முதலில் போட்டது ஆலங்குளம் பக்கத்து வெள்ளைக் கல். பார்க்க அழகாக இருந்தது. கீரை மட்டும் வெளுத்துப் போனது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் அந்தக் கல் நுரைத்தது. சுண்ணாம்புக் கல். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுக் கருப்பு ஜல்லி போட்டேன். பிறகு குழாயில் வேர் புகுந்து அடைத்தது. குழாயைச் சுற்றி ஓட்டை போட்ட ஒரு பெரிய குழாயைச் செருகி வேரைத் தடுத்தேன். பிறகு மோட்டாரில் பாசி சுற்றியது. மீன் வலைத் துண்டைக் கட்டி அதன் வாயை மூடினேன். ஒவ்வொன்றும் பிடிபட்டது. ஆவணி மாதம் கீரை பறித்தோம். பெண்டாட்டி அண்ணன் வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுத்தாள். அண்ணன் சாப்பிட்டார்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது.

மில்லில் ஆயுத பூஜை என்றால் பெரிய நாள். மிஷினை நிறுத்தி, பஞ்சுத் தூசி ஒரு இழை இல்லாமல் காற்று வைத்து ஊதுவோம். துடைத்து எண்ணெய் போட்டு சந்தனம் குங்குமம் வைப்போம். பேரிங்கில் பஞ்சு சேர்ந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் தீ. மில்லில் அழுக்கு என்றால் ஆபத்து. இருபது வருஷத்துக்கு மேல் அதே புத்தி.

வீட்டிலும் அதையே செய்தேன். மீன்களைப் பெரிய அண்டாக்களில் விட்டேன். தொட்டியை வடித்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். டிரம்மில் இருந்த ஜல்லியை அள்ளினேன். கல் மேல் பழுப்பாக வழவழவென்று ஒரு சவ்வு. சாணி மாதிரி இருந்தது. பெண்டாட்டி வந்து பார்த்து, அந்தக் கல்லையுமா கழுவணும் என்று கேட்டாள். அதுவும் மிஷின்தான் என்றேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பைப்புத் தண்ணீரில் அலசி அலசி, வெயிலில் பரப்பிக் காயவைத்தேன். திரும்ப நிரப்பி, செடிகளை நட்டு, மீன்களைத் தொட்டிக்குள் விட்டு, மோட்டாருக்குப் பொட்டு வைத்து, ஓடவிட்டேன். பூசணிக்காய்கூட உடைத்தோம்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மதினி வந்து எட்டிப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, இதுல மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிடலாம் போலருக்கே."

அண்ணன்கூட இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இரண்டொரு நாளில் மீன்கள் மேலே வந்துவிட்டன. வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று போதவில்லை என்று நினைத்தேன். காற்று மோட்டார் ஒன்று கூடப் போட்டேன். கேட்கவில்லை. செவுள் சிவந்து போனது. மறுநாள் காலையில் சில மீன்கள் மல்லாந்து கிடந்தன. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரைக் கையில் அள்ளி மோந்தேன். மூத்திர வாடை. அவ்வளவு சுத்தமான தண்ணீரில் அந்த வாடை எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

வில்லிபுத்தூரில் கலர் மீன் கடை வைத்திருக்கிற பாய்க்குப் போன் போட்டேன். மோட்டார் அவரிடம்தான் வாங்கியது. என்னைவிட வயது குறைவு. அவர் வீட்டு மாடியிலும் இதே மாதிரி ஒன்று ஓடுகிறது. வாடையைச் சொன்னேன். உடனே கேட்டார், ஜல்லியைக் கழுவினீர்களா என்று. கழுவினேன் என்றேன். எதில் என்றார். பிளீச்சிங் பவுடர் என்றேன். சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்த வழவழப்புதான் வேல பாக்குற ஆளுக. அம்புட்டுப் பேரையும் கொன்னுட்டு, மில்லு சுத்தமா இருக்குங்கிறிய."

எனக்கு விளங்கிவிட்டது. மீன் கழிவு நேராகச் செடிக்குப் போவதில்லை. முதலில் அது விஷம். கல் மேல் ஒட்டியிருக்கிற அந்தச் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அவை தின்று மாற்றிக் கொடுத்தால்தான் செடிக்கு ஆகும். போனில் பார்த்தபோது இதையும் சொன்னார்கள். கேட்டேன். ஆனால் அழுக்கு என்றால் கை சும்மா இருக்காது.

அவை திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகுமாம். தீபாவளி அவ்வளவு தூரத்தில் இல்லை. பாயிடம் கேட்டேன். உங்கள் மாடியில் இருக்கிற அழுக்கு ஜல்லியில் பாதி தாருங்கள் என்று. பாதி போனால் அவர் மீனுக்கே ஆபத்து. ஆனாலும் வாங்க என்றார்.

அன்றைக்கே பஸ்ஸில் போனேன். சாக்கு நிறைய ஜல்லி. கூடவே கடைத் தொட்டியில் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்த கருப்புப் பஞ்சு ஒன்றையும் பிழியாமல் கொடுத்தார். காய விடக் கூடாது, கழுவக் கூடாது, இதை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன் என்றார். திரும்பி வரும்போது சாக்கிலிருந்து பஸ்ஸுக்குள் கருப்பாக ஒழுகியது. பக்கத்தில் பால்கோவா டப்பா வைத்திருந்த அம்மா, டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கண்டக்டர் வந்து நின்றார்.

"மூட்டையில என்ன அண்ணாச்சி?"

"ஜல்லி."

"ஏன், ராஜபாளையத்துல ஜல்லி கெடைக்காதா?"

"இந்த மாதிரி கெடைக்காது."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். மூட்டைக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து டிரம்மில் கலந்தேன். பஞ்சைத் தொட்டியில் பிழிந்தேன். தண்ணீர் கலங்கிச் சாக்கடை மாதிரி ஆனது. அண்ணன் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, கழுவுனதும் நீதான். இப்ப அழுக்கக் கொட்டுறதும் நீதான். இதத்தான் மில்லுல பாத்தியா?"

பதில் சொன்னால் புரியவைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை.

மீனுக்குத் தீனியை நிறுத்தினேன். கல்லுப்பு கொஞ்சம் கரைத்து விட்டேன். தினமும் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். பைப்புத் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கிறது. கிருமி மறுபடி சாகும். போர் தண்ணீர்தான் ஆகும். போர் இருப்பது அண்ணன் பக்கம். சுவிட்ச் மதினி அடுப்படியில். நான் போய்க் கேட்கவில்லை. அண்ணன் வெளியே கிளம்பியதும் மதினி தானாகவே சுவிட்சைப் போடுவார். ஓஸைச் சுவருக்கு மேலே தூக்கி எங்கள் பக்கம் போடுவார். அண்ணன் வருவதற்குள் சுருட்டி வைத்துவிடுவார். ஒருநாள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொழுந்தனாரே, மீனு பொழைச்சா வாலுத்துண்டு எனக்கு என்று சத்தம் வந்தது.

அப்படியும் காலையில் ஒன்றோ இரண்டோ செத்துக் கிடந்தன. மறைக்கவில்லை. அண்ணன் கண் முன்னாலேயே எடுத்து முருங்கை மூட்டில் புதைத்தேன். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

இதற்கு நடுவில் மாதாந்திரக் கரண்ட் கட். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். மோட்டார் நின்றால் காற்று நிற்கும். ஜல்லி காயும். கொண்டு வந்த கிருமியும் போகும். பெண்டாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் மொண்டு டிரம்மில் ஊற்றுவோம். அது வடிந்து தொட்டியில் கொட்டும். மறுபடி மொள்ளுவோம். நான் கை ஓய்ந்தால் அவள். அவள் கை ஓய்ந்தால் நான். வெயில் தலைக்கு நேராக வந்தது. சாப்பாட்டையும் ஆளுக்கொரு தடவையாகத்தான் சாப்பிட்டோம். மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பின்னால் வந்து நின்றார்.

"எப்பருந்து ஊத்துதிய?"

"கரண்டு போனதுலருந்து."

அவர் குடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கரண்ட் வந்தபோது என் பெண்டாட்டி குடத்தைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கையைத் தூக்க முடியவில்லை என்று சிரித்தாள். மறுநாள் காலையில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அடுத்த நாளும் இல்லை.

வாடை போனது. கொஞ்சமாகத் தீனி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மேலேயே தட்டித் தின்றன. நான் கழுவிப் போட்ட கல்லைத் தொட்டாலும் விரலில் லேசாக வழுக்கியது. எனக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. பாலக்கீரையில் புதுக் குருத்து கரும்பச்சையாக வந்தது. கத்தரியில் பூ. பாய்க்குப் போன் போட்டு, ஆட்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்றேன். போனஸ் கொடுத்திருங்க அண்ணாச்சி என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி வந்தது. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவில் நின்றது. கொத்தனாரும் வந்துவிட்டார், டேப்போடு. அண்ணன் வெள்ளைச் சட்டையில் இருந்தார். மூன்று பேரும் பின்னால் போனோம். மதினியும் என் பெண்டாட்டியும் வாசலில் நின்றார்கள். கொத்தனார் சுவரில் டேப்பை வைத்தார். அண்ணன் சுவரைப் பார்க்கவில்லை. தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இப்பச் சாகுதா?"

"இல்லண்ணே."

"ஒண்ணு பிடி பாப்போம்."

வலையை விட்டுத் தூக்கினேன். நல்ல பெருசு. என் உள்ளங்கையைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கையில் கொடுத்தேன். அது ஒரு துள்ளு துள்ளி வாலால் அவர் நெஞ்சில் அறைந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கத் தண்ணீர். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொத்தனார் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். அண்ணன் மீனை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தூக்கி எடை பார்த்தார்.

"நல்லா உசுரோட இருக்கு" என்றார். பிறகு அதைத் தொட்டிக்குள் மெதுவாக விட்டார். சட்டையை உதறிக்கொண்டே கொத்தனாரிடம், சுவர் கிடக்கட்டும், வேறு வேலை வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொன்னார். அவர் டேப்பைச் சுருட்டினார்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம். வண்டி குறுக்கே நின்றதால் பின்னால் ஒரு தண்ணீர் வண்டி ஹாரன் அடித்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். பிறகு தலையை வெளியே நீட்டினார். பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டுச் செய்யாத மனுஷன்.

"ஏலே, வண்டிய எங்க நிப்பாட்ட?"

நான் எங்கள் வீட்டுச் சுவரோரம், என் வாசலுக்கு நேராக இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் பின்னால் எடுத்தார். நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வா, வா, இன்னும் வா என்று கையைக் காட்டினேன். நான் நில் என்ற இடத்தில் நிறுத்தினார்.